வில் வளையுமுன் விளையும் வினை



தசலட்சண பர்வம் தொடங்குவதற்குச் சில நாள்கள் முன்னர் நமக்கு ஒரு மடல் வந்தது. நம் சமூகத்தில் பிறந்து, பணியின் பொருட்டு அமெரிக்க நாட்டின் விஸ்கான்சின் மாநிலத்தில் மனைவி மக்களோடு வாழ்ந்துவரும் இளைஞர் ஒருவர் எழுதியது. அவர் பெயரை இங்குக் குறிக்க வேண்டுவதில்லை. மடலின் செய்தி இதுதான்.

அவருடைய இல்லம் ஊரின் எல்லையில் உள்ளது. வீட்டுக்குப் பின்னால் புல்வெளி. அதற்கப்பால் ஓக் மரங்கள் நிறைந்த சிறு காடு. காட்டின் ஓரத்துச் சில மரங்கள் இவருடைய நிலத்திலேயே நிற்கின்றன. நம் மரபுப்படி அக்குடும்பத்தார் கதிரவன் மறையுமுன் உணவு கொள்பவர்கள். அடுக்களைச் சன்னலருகே அமர்ந்து அவர்கள் உண்ணும் வேளையில், சென்ற ஆண்டு ஆவணித் திங்களில், அக்காட்டிலிருந்து மான்கள் வெளிவரத் தொடங்கின. அவற்றுள் ஒன்று, கிளைத்த கொம்புகளையுடைய பெரிய ஆண்மான். குழந்தைகள் அதற்காகவே உணவுக்கு விரைந்து வந்தார்களாம்.

அடுத்த வீட்டுக்காரர் வயதில் மூத்தவர், நல்லவர். குளிர்காலத்தில் இவர் கேளாமலேயே இவர் வீட்டு வாயிலில் குவிந்த பனியை அள்ளி வழி செய்து தருபவர். அவர் ஒருநாள் வேலிக்கு அப்பால் நின்று, “உங்கள் பக்கம் மான் வருகிறதா?” என்று கேட்டார். இவர் மகிழ்ச்சியோடு சொன்னார். எத்தனை வருகின்றன, எந்த மரத்தடியில், எந்த நேரத்தில் என்பதையெல்லாம் சொன்னதோடு நில்லாமல், வீட்டிற்குள் அழைத்துச் சென்று சன்னல் வழியே காட்டவும் செய்தார். நவம்பர்த் திங்கள் தொடக்கத்தில் அந்த ஆண்மான் அம்மூத்தவரின் அம்புக்கு இரையாயிற்று. அவர் இறைச்சிப் பொதி ஒன்றைக் கொண்டுவந்து நீட்டினார். இவர், தாம் உண்பதில்லை என்று பணிவோடு மறுத்தார். “நீங்கள் சொல்லியிராவிட்டால் எனக்கு இது கிடைத்திராது” என்று அவர் இவருடைய கையைப் பற்றி நன்றி கூறிச் சென்றார்.

“இறைச்சியை மறுத்துவிட்டேன். அந்த நன்றியை எவ்வாறு மறுப்பது என்று எனக்குத் தெரியவில்லை. இவ்வாண்டு என் நிலத்து ஓக் மரத்தில் புகைப்படக் கருவி ஒன்றைக் கட்டிவைக்க இசைவு கேட்கிறார். நான் என்ன சொல்ல வேண்டும்? சென்ற ஆண்டு நடந்ததில் எனக்கும் பாவம் உண்டா?” இவ்வாறு மடல் முடிகிறது.

இம்மடலை நாம் பலமுறை படித்தோம். வேட்டை என்றதும் நம் நெஞ்சில் தோன்றுவது நாணேற்றிய வில்லும் ஓடும் விலங்குமே. நண்பர் கேட்பதோ அதற்கு இரண்டு மூன்று திங்கள் முன்னதாக நிகழும் ஒரு செயலைப் பற்றி. அதனை முதலில் அறிந்துகொள்வோம்.

விஸ்கான்சின் மாநிலத்தில் வில்வேட்டை செப்டம்பர்த் திங்களின் நடுவில் தொடங்குகிறது. துப்பாக்கி வேட்டை நவம்பரில், அவர்கள் நன்றி நவிலும் நாளாகக் கொண்டாடும் வியாழனுக்கு முந்திய சனிக்கிழமை தொடங்கி ஒன்பது நாள் நடைபெறும். ஐந்து இலட்சத்திற்கும் மேற்பட்டோர் அதற்கென உரிமச் சீட்டு பெறுகின்றனர். ஓராண்டில் கொல்லப்படும் மான்கள் ஏறத்தாழ மூன்று இலட்சம். ஆயின் தேர்ந்த வேட்டைக்காரர் எவரும் அந்நாள் வந்த பின்னர் காட்டுக்குள் நுழைந்து மானைத் தேடுவதில்லை. நம் நாட்டு ஆடி, ஆவணித் திங்களிலேயே அவருடைய வேலை தொடங்கிவிடுகிறது. வேவு பார்த்தல் என்று அதனைச் சொல்லலாம்.

அந்நாட்டு வெண்வால் மானின் கொம்பு ஆண்டுதோறும் குளிர்காலத்தில் உதிர்ந்து, வேனில் தொடக்கத்தில் மீண்டும் முளைப்பது. மெல்லிய மயிர்த்தோல் போர்த்தபடி அது கோடை முழுதும் வளரும். ஆகஸ்டுத் திங்களின் கடைநாள்களிலும் செப்டம்பர்த் தொடக்கத்திலும் அத்தோல் காய்ந்து உரியும். அப்போது ஆண்மான் தன் கொம்பை இளமரங்களின்மீது தேய்க்கும். பட்டை உரிந்து நிற்கும் அந்த இளமரம் வேவு பார்ப்பவருக்கு ஓர் எழுத்து. ஈரமண்ணில் பதிந்த குளம்பு மற்றோர் எழுத்து. படுத்தெழுந்த இடத்தில் மடிந்து கிடக்கும் புல், புழுக்கை, படுக்கும் புதருக்கும் மேயும் வெளிக்கும் இடையே தேய்ந்த ஒற்றையடித் தடம் யாவற்றையும் அவர் கூட்டி வாசிக்கிறார். எந்த வெள்ளை ஓக் மரம் இவ்வாண்டு நிறையக் காய்த்துள்ளது, அதன் கொட்டைகள் எப்போது உதிரும், எத்திசைக் காற்று வீசினால் தம் உடல்மணம் மானின் மூக்கை எட்டாது என்பனவும் அவருடைய கணக்கில் உள. மணம் தங்காதிருக்க இரப்பர்க் காலணி அணிந்து நடக்கிறார். மாலையில் வயலுக்கு நெடுந்தொலைவில் அமர்ந்து தொலைநோக்கியால் பார்க்கிறார்.

இவற்றோடு இப்போது மரத்தில் கட்டும் கருவியும் சேர்ந்துள்ளது. எதிரே செல்லும் உடலின் வெப்பத்தை உணர்ந்து, கண்ணுக்குப் புலனாகாத ஒளியைக் கொண்டு நள்ளிருளிலும் அது படம் எடுக்கும். சில கருவிகள் எடுத்த படத்தை அப்பொழுதே உடையவரின் கைப்பேசிக்கு அனுப்பிவிடும். அரிசோனா மாநிலம் 2022 சனவரி முதல் நாளிலிருந்து வேட்டைக்கு இக்கருவியைப் பயன்படுத்தக் கூடாதென்று தடுத்துவிட்டது. வேட்டையை ஏற்கும் ஓர் அரசே, இஃது அளவு கடந்தது என்று கருதியது குறிக்கத்தக்கது.

உண்மையைச் சொன்னால், இப்பொறுமையையும் கூர்மையையும் கண்டு நாம் வியந்தோம். சற்று நாணவும் செய்தோம். ஒரு புல்நுனி மடிந்திருப்பதைக் காணும் கண் நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? நம் முனிவர்களுக்கு ஈர்யா சமிதி விதிக்கப்பட்டுள்ளது. நான்கு முழத் தொலைவு நிலத்தை நோக்கி, எவ்வுயிரும் காலடியில் படாதவாறு அவர்கள் நடக்க வேண்டும். மழைக்காலத்தில் உயிர்கள் மலிவதால் நான்கு திங்கள் ஓரிடத்திலேயே தங்கிவிடுகின்றனர். அவர்கள் நடையை நிறுத்தும் அதே திங்களில் அங்கே வேட்டைக்காரர் நடையைத் தொடங்குகிறார். இருவரும் தரையைப் பார்த்தே நடக்கின்றனர். இருவரும் ஓசையின்றி நடக்கின்றனர். இருவரும் உயிர் எங்குள்ளது என்றே தேடுகின்றனர். வேறுபாடு கண்ணிலும் காலிலும் இல்லை. அஃது எங்குள்ளது என்பதைப் பரமாகமம் நுட்பமாக விளக்குகிறது.

உமாசுவாமி ஆசாரியர் அருளிய தத்துவார்த்த சூத்திரத்தின் ஆறாம் அத்தியாயம், உயிரைப் பற்றி வினை ஊற்றெடுக்கும் வாயில்களை எண்ணிக் காட்டுகிறது. சம்ரம்பம், செய்யத் துணிதல். சமாரம்பம், அதற்குரிய கருவிகளையும் வழிகளையும் திரட்டுதல். ஆரம்பம், செய்யத் தொடங்குதல். இம்மூன்றும் மனம், சொல், உடல் என்னும் மூன்றாலும் நிகழ்வன. அவை தானே செய்தல், பிறரைச் செய்வித்தல், செய்வதற்கு உடன்படுதல் என மும்மடங்காகும். வெகுளி, செருக்கு, மாயை, பற்று என்னும் நான்கு கஷாயங்களால் பெருக்க 108 ஆகும். நாம் உருட்டும் செபமாலையில் 108 மணிகள் இருப்பது இவ்வாயில்களை நினைந்தே என்று பெரியோர் கூறுவர். அம்பு எய்தல் இந்த நிரலில் கடைசிப்படி. வேவு பார்த்தல் சமாரம்பம். ஐயத்திற்கு இடமின்றிச் சமாரம்பம். அம்பு தூணியைவிட்டு வெளிவராத ஆவணித் திங்களிலேயே வினை உள்ளே வந்து ஒட்டத் தொடங்கிவிட்டது.

இதனை நம் சமயத்தார் மட்டும் சொல்வதாக எண்ண வேண்டா. வேட்டையாடுவோருக்கு இடையூறு செய்வதைத் தடுக்கும் சட்டம் விஸ்கான்சினில் உண்டு. 2016ஆம் ஆண்டில் அதனைத் திருத்தியபோது, வேட்டையோடு சேர்ந்த செயல்கள் இவையென வகுத்து, வேவு பார்த்தலையும் அவற்றுள் ஒன்றாகப் பெயர் சொல்லிச் சேர்த்தனர். வேட்டைக்காரருக்குக் காப்பளிக்க எழுதப்பட்ட சட்டம் அது. எனினும், ஆயத்தமும் செயலும் ஒரே தொடர் என்று நம் ஆசாரியர் கண்டதையே அதுவும் ஒப்புக்கொள்கிறது.

இனி, இதில் எந்தக் கஷாயம் தொழிற்படுகிறது என்று பார்க்க வேண்டும். வெகுளி அன்று. அம்மூத்தவருக்கு மானின்மீது சினம் ஏதுமில்லை. அதன் அழகை இரசிக்கவும் தெரிந்தவர். கொம்பின்மீது பற்று உண்டு. பெரிய கொம்பைச் சுவரில் மாட்டும் செருக்கு உண்டு. எல்லாவற்றிலும் மிகுதி மாயை. இலையும் மரப்பட்டையும் போல வண்ணம் தீட்டிய உடை, மறைத்த உடல்மணம், மரத்தோடு மரமாகக் கட்டிய கருவி ஆகிய அனைத்தும் ஓர் உயிரை ஏமாற்றுவதற்கென்றே செய்தவை. மாயை விலங்குகதிக்கு வித்து என்று அதே ஆறாம் அத்தியாயம் கூறுகிறது. மானை ஏமாற்ற மரமாய் நிற்பவர் தமக்கு எப்பிறவியைத் தேடிக்கொள்கிறார் என்று எண்ணும்போது இரக்கமே மேலிடுகிறது. தசலட்சணத்தில் நாம் போற்றும் உத்தம ஆர்ஜவம், அதாவது நேர்மை, இதற்கு நேர்மாறானது.

சிலர், பருவம் முழுதும் காத்திருந்தும் வெறுங்கையோடு திரும்பினால் பாவம் இல்லையே என்பர். அத்தகையோர் மகாமத்ஸ்யத்தின் காதில் வாழும் அரிசியளவு மீனின் கதையைக் கேட்டிருக்க மாட்டார்கள். பெருமீன் வாய் திறந்து உறங்க, எண்ணற்ற மீன்கள் உள்ளே புகுந்து உயிரோடு மீள்கின்றன. அதைக் கண்ட சிறுமீன், ‘நானாக இருந்தால் ஒன்றையும் விடேன்’ என்று நினைத்தது. ஒன்றையும் தின்னாத அம்மீன் ஏழாம் நரகம் எய்தியது. கொலையில் களிக்கும் எண்ணத்தை இம்சாநந்தம் என்னும் ரௌத்திர தியானமாக ஆகமம் வகுத்திருப்பது இதனாலேயே.

தமிழராகிய நமக்கு இதனைக் கற்பிக்க யசோதர காவியம் ஒன்றே போதும். உஞ்சை வேந்தன் யசோதரன் உயிர்ப்பலி இட மறுத்தான். தாய் சந்திரமதி விடவில்லை. இறுதியில் மாவினால் சேவல் ஒன்று செய்து தேவியின் முன் வெட்டினர். குருதி சிந்தவில்லை, ஓர் எறும்பும் சாகவில்லை. ஆயினும் தாயும் மகனும் மயிலும் நாயுமாய்த் தொடங்கி, எத்தனை விலங்குப் பிறவிகளில் உழன்றனர் என்பதைக் காவியம் விரித்துரைக்கிறது. சிறுவயதில் இக்கதையைக் கேட்டபோது, மாச்சேவலுக்காக இத்தனை துன்பமா என்று நாம் வியந்ததுண்டு. நண்பரின் மடலைப் படித்த பின் அவ்வியப்பு அகன்றது. வெட்டியது மாவைத்தான், ஓங்கிய கை உயிரை நினைந்தே ஓங்கியது. மரத்தில் கட்டிய கருவியும் படத்தைத்தான் பிடிக்கிறது.

இங்கு அம்மூத்தவரின் பக்கத்தையும் கேட்பது அநேகாந்தத்தில் நிற்கும் நமக்குக் கடமை. மான்கள் மிகுந்துவிட்டன, இளமரங்களைத் தின்று காட்டை அழிக்கின்றன, கடுங்குளிரில் பசியால் மடிகின்றன, ஊர்திகளில் மோதித் தாமும் இறந்து மக்களையும் மாய்க்கின்றன என்று அவர் சொல்லக்கூடும். இவை பொய்யல்ல. விற்பனைக்காகக் கொன்று குவித்ததால் 1900ஆம் ஆண்டளவில் அந்நாட்டில் மான்கள் அருகிப்போயின. அவை மீண்டும் பெருகுவதற்குக் கட்டுப்பாட்டுச் சட்டங்கள் துணைசெய்தன. வேட்டைக் கருவிகளின்மீதான வரியும் 1937ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி காட்டுயிர்ப் பாதுகாப்புக்கு உதவி வருகிறது. இவற்றை மறுத்துப் பேசுவது அறியாமை.

ஆயினும், மானின் பெருக்கத்தைத் தடுத்துவந்த ஓநாய்கள் எங்குச் சென்றன? ஓநாயைக் கொன்று வருவோருக்கு விஸ்கான்சின் அரசு 1957 வரை பரிசு அளித்துவந்தது. சில ஆண்டுகளில் அம்மாநிலத்தில் ஓநாய்கள் இல்லாமலாயின. அங்கு வாழ்ந்த ஆல்டோ லியோபோல்டு என்னும் காட்டியல் அறிஞர் தாமே வேட்டைக்காரர். இளமையில் தாம் சுட்டு வீழ்த்திய ஒரு தாய் ஓநாயின் கண்ணொளி அணைவதைக் கண்டு மனம் மாறியவர். ஓநாய் அற்ற மலை, மானுக்கு அஞ்சி வாழும் என்னும் கருத்தை அவர் எழுதினார். 1948இல் அவர் மறைய, அடுத்த ஆண்டு அந்நூல் வெளிவந்தது. பிற்காலத்தில் ஓநாய்கள் தாமே திரும்பி வந்தன. 2021 பிப்ரவரியில் அவற்றை வேட்டையாட இசைவளித்தபோது மூன்று நாள் முடிவதற்குள் 218 ஓநாய்கள் கொல்லப்பட்டன. மானைக் குறைக்கவே வேட்டை என்பார், மானைக் குறைக்கும் ஓநாயையும் கொல்வதேன்? மேலும், எண்ணிக்கையைக் குறைப்பதே நோக்கமாயின் கன்று ஈனும் பிணையை அல்லவா குறைக்க வேண்டும்? ஆவணி முழுதும் கண் விழித்து வேவு பார்த்தது மிகப் பெரிய கொம்புடைய ஆண்மானை அன்றோ!

உழவில் புழு பூச்சி மடிவதை நம் மரபு தொழில்வழி நேரும் இம்சை என்று கொண்டு, வருந்திக் குறைத்துக்கொள்ளச் சொல்கிறது. வேட்டை அவ்வகையினது அன்று, சங்கற்பித்துச் செய்வது. ஏழு விசனங்களுள் ஒன்றாக வைத்து இல்லறத்தார் முற்றும் விலக்குமாறு சொன்னது இதுபற்றியே.

இனி நண்பரின் வினாவுக்கு வருவோம்.

கரந்தை முனிகிரியோடு இணைத்து நாம் போற்றும் அகளங்க ஆசாரியர், தத்துவார்த்த சூத்திரத்திற்குக் கண்ட விரிவுரையில் பயனில் தீச்செயலாகிய அனர்த்த தண்டத்தை விளக்குகிறார். அதில் வதகோபதேசம் என ஒன்று வருகிறது. வலை விரிப்போருக்கும் பறவை பிடிப்போருக்கும் ‘இன்ன இடத்தில் மான் உண்டு, பன்றி உண்டு, பறவை உண்டு’ என்று சொல்லுதலே அதற்கு அவர் காட்டும் எடுத்துக்காட்டு. நண்பரின் அடுக்களைச் சன்னலை ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன்பே கண்டு எழுதியதுபோல் இருக்கிறது. ஆகவே கருவியைக் கட்ட இசைவளித்தல் கூடாது. மரம் இவருடையது, இசைவளித்தால் அஃது உடன்படுதல்.

அதற்காகப் பொய் சொல்ல வேண்டா. ‘இவ்வாண்டு மான் வரவில்லை’ என்று சொன்னால் ஒரு விரதத்தைக் காக்க மற்றொன்றை முறித்ததாகும். பிறருக்குக் கேடு தரும் மெய்யைச் சொல்லாதிருத்தலும் சத்தியாணுவிரதத்தில் அடங்கும் என்று இரத்தின கரண்டகம் கூறுகிறது. திருக்குறளும் வாய்மைக்குத் தீமை பயவாமையையே இலக்கணமாக வைத்தது. ஆதலின், ‘நான் கண்டதைச் சொல்ல எங்கள் அறம் இடம் தரவில்லை, என் மரத்திலும் கருவி வேண்டா’ என்று நேராகவே சொல்லலாம். மூத்தவர் காரணம் கேட்டால் சொல்லலாம். கேளாவிடின் வலிந்து போதிக்க வேண்டா. அவருடைய நிலத்தில் அவர் கட்டிய கருவியை அவிழ்ப்பதோ, மானை விரட்டுவதற்கு இரவில் ஓசை எழுப்புவதோ நமக்குரிய வழி அன்று. அறிவுரை ஏலாதாரிடத்து மத்தியஸ்த பாவனையே விதி. அவர் பனி அள்ளித் தந்த உதவிக்கு ஆயிரம் கைம்மாறுகள் உள. மானைக் காட்டிக்கொடுப்பது அவற்றுள் ஒன்றாக வேண்டியதில்லை.

சென்ற ஆண்டின் பாவம் பற்றி அவர் கேட்டது கடினமான வினா. ‘உமக்கு ஒன்றுமில்லை, கவலற்க’ என்று எழுதிவிட்டால் அவர் ஆறுதல் அடைவார். ஆனால் அஃது உண்மை அன்று. வினையின் வன்மை, எண்ணத்தின் கடுமை மென்மையாலும், அறிந்து செய்தது அறியாது செய்தது என்பதாலும் வேறுபடும் என்று ஆகமம் அளந்து காட்டுகிறது. இவர் கொலையை விரும்பவில்லை. அதனால் எண்ணம் மென்மையானது. ஆனால் கேட்டவர் வேட்டைக்காரர் என்பதை அறிந்திருந்தார். நம் வீட்டுப் பின்புறம் இத்தகைய மான் வருகிறது என்று சொல்வதில் ஒரு சிறு பெருமிதமும் இருந்தது என மடலிலேயே ஒப்புக்கொள்கிறார். இதற்குப் பிரமாதம், அதாவது விழிப்பின்மை என்று பெயர். எய்தவருடைய பங்கு இவருக்கு இல்லை. இவருடைய பங்கு இவருக்கு உண்டு. அதனை மறைக்காது எழுதிய இம்மடலே ஆலோசனை. இனிப் பிரதிக்கிரமணம் செய்து, அனர்த்த தண்ட விரதத்தை ஓராண்டுக்காயினும் ஏற்று நிற்பாராக. அந்த நன்றி தமக்கு வருத்தம் தந்தது என்பதையும் மூத்தவரிடம் ஒருநாள் அமைதியாகச் சொல்லிவிடலாம். நல்ல மனிதர், புரிந்துகொள்வார் என்றே நாம் கருதுகிறோம்.

இதனைப் படிக்கும் நம் ஊர்ப் பெரியோர்கள், கடல் கடந்த ஊரில் நடப்பது நமக்கென்ன என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டா. மாட்டுத் தரகர் தெருவில் வந்து நின்று விசாரிக்கிறார். ‘இன்னார் வீட்டில் கறவை நின்ற பசு ஒன்று நிற்கிறது, விற்றுவிடுவார் போலிருக்கிறது’ என்று திண்ணையில் அமர்ந்தபடி நாம் சொல்லிவிடுகிறோம். அது அடிமாடாகத்தான் போகும் என்பதும் நமக்குத் தெரியும். நாம் விற்கவில்லை, தரகுக் காசும் வாங்கவில்லை, வாய் மட்டுமே அசைந்தது. நண்பருக்காவது அந்த நன்றி உறுத்தியது. நமக்கு அத்தரகர் நன்றி சொல்வதும் இல்லையாதலால் உறுத்தவும் வழியில்லாமற் போயிற்று. வருகிற பர்வ நாள்களில் ஒவ்வோர் ஊர் ஜிநாலயத்திலும் இதைப் பற்றிச் சிறிது நேரம் பேசினால் நன்று.

மடலின் ஓரத்தில் நண்பர் ஒரு வரி சேர்த்திருந்தார். இவ்வாண்டும் மான்கள் வரத் தொடங்கிவிட்டனவாம். குழந்தைகள் மீண்டும் சன்னலருகே அமர்கின்றனர்; அந்தத் திரையை மூடிவிடலாமா என்று மனைவி கேட்கிறாராம். மூட வேண்டா என்று எழுதியிருக்கிறோம். பதினாறாம் தீர்த்தங்கரர் சாந்திநாதரின் பீடத்தில் இருப்பதும் மான்தான் என்று குழந்தைகளுக்குச் சொல்லுங்கள். எத்தனை வந்தன என்று அவர்கள் எண்ணட்டும். எண்ணியதை வீட்டுக்குள்ளேயே வைத்துக்கொள்ளப் பழக்குங்கள் என்றும் சேர்த்திருக்கிறோம்.